எதோட காலி?

டிரிப் ஷீட்டில் நான் அதிகம் எழுதிய சொல் எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டாம். காலி. வண்டி எண், டிரைவர் பெயர், கன்டெய்னர் எண், எங்கிருந்து எங்கே, அதற்கடுத்த கட்டத்தில் சரக்கு. லோடு இருந்தால் அதன் பெயர், எடை, சீல் எண் எல்லாம் அந்தக் கட்டத்தில் வரும். லோடு இல்லையென்றால் அந்த ஒரே சொல்தான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை எழுதியிருப்பேன். அதை எழுதுவதை நிறுத்தி இப்போது ஒன்பது ஆண்டு ஆகிறது. ஏன் நிறுத்தினேன் என்று பலரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதியிலேயே, "அப்புறம் என்ன ஆச்சு, வெடிச்சுதா?" என்று கேட்பார்கள். வெடிக்கவில்லை என்றதும் கேட்கும் ஆர்வம் இறங்கிவிடும். வெடிக்காமல் போனதுதான் இத்தனை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது என்பதை நின்றபடி பேசி விளங்கவைக்க என்னால் முடிந்ததில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே ரசாயனம் ஏற்றும் வண்டிகளை அனுப்பும் மேசை என்னுடையது. பெரும்பாலும் டேங்க் கன்டெய்னர்கள். 20 அடி இரும்புச் சட்டத்துக்குள் ஓர் எஃகு உருளை படுத்திருக்கும். 24,000 லிட்டரிலிருந்து 26,000 லிட்டர் வரை கொள்ளும். கப்பலிலிருந்து இறங்கும், டிரெய்லரில் ஏறும், நான்கு மூலையிலும் ட்விஸ்ட் லாக்கைப் பூட்டினால் கிளம்ப வேண்டியதுதான். குளிர்பெட்டிகள், கன்டெய்னருக்குள் அடங்காத இயந்திரங்கள் என்று வேறு சரக்குகளும் எங்களிடம் உண்டு; அவற்றின் கதை வேறு. ரசாயன லோடு ஒன்று கிளம்புகிறது என்றால் அலுவலகமே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். அனுபவமுள்ள டிரைவரைத்தான் போடுவோம். சரக்கின் பெயரும் ஐ.நா. எண்ணும் (அபாயச் சரக்கை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்) காகிதத்தில் இருப்பதும் டேங்க்கில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றுதானா என்று இரண்டு பேர் பார்ப்போம். அடி வால்வு, மேன்ஹோல் மூடி, தீயணைப்பான், சைலன்சரில் பொறி தடுப்பான் எல்லாம் சரிபார்க்கப்படும். சில வகைச் சரக்கைத் துறைமுக யார்டில் இறக்கி வைக்கவே விடமாட்டார்கள். கப்பலிலிருந்து நேராக வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அப்படிப்பட்ட நாளில் கப்பல் நேரத்துக்கு வண்டி கேட்டில் நிற்கவில்லையென்றால் மூன்று அலுவலகத்திலிருந்து போன் வரும்.

ஆலையில் குழாயை மாட்டி இறக்க ஆரம்பித்ததும், அந்தத் திரவத்தோடு சேர்ந்து எங்கள் கவனமும் இறங்கிவிடும். திரும்பி வரும் வண்டி காலி வண்டி. அதற்கு வேறு டிரைவர். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் காலி டிரிப்தான் முதலில் கொடுப்போம், கை பழகட்டும் என்று. பேட்டா குறைவு. வழியில் எங்கே நிறுத்தினாலும் யாரும் கேட்பதில்லை. இதையெல்லாம் நான்தான் செய்தேன். எனக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லித்தரவில்லை, செய்யக்கூடாது என்றும் சொல்லித்தரவில்லை. லோடு என்றால் கவனம், காலி என்றால் ஓய்வு என்று மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் நம்பினோம்.

அந்த மதியம்

ஒரு டேங்க் கன்டெய்னர், டோலுயீன் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியது. பெயின்ட், தின்னர் செய்பவர்கள் வாங்கும் கரைப்பான் அது. ஐ.நா. எண் 1294, மூன்றாம் வகுப்பு, எளிதில் தீப்பற்றும் திரவம். இறக்கும்போது மேலே ஏறிய ஆள் ஒருவர், நடைபாதைத் தகட்டைத் தாங்கும் இரும்புக் கோணம் விட்டுப்போய் ஆடுகிறது என்று சொல்லியிருக்கிறார். காலி டேங்க்கைத் திருப்பிக் கொடுக்கும் டிப்போவில் அப்படியே கொண்டுபோய் விட்டால் சேதம் என்று எழுதி நம் தலையில் கட்டுவார்கள். மறுநாள் தாண்டினால் டிடென்ஷன் கட்டணமும், அதாவது டேங்க்கைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணமும், ஓட ஆரம்பிக்கும். போகும் வழியில்தான் நாங்கள் வழக்கமாக விடும் பட்டறை. நான் போனில் பட்டறைக்காரரிடம் சொன்னேன்: ஒரு காலி டேங்க் வரும், மேலே ஒரு சின்ன வெல்டிங், அரைமணி நேர வேலை, முடித்து அனுப்பிவிடுங்கள். டிரிப் ஷீட்டில் பட்டறையையும் ஒரு நிறுத்தமாகச் சேர்த்தேன். சரக்குக் கட்டத்தில் காலி. அந்தச் சொல்லை எழுதிய பேனாவும், மேசையில் இருந்த மின்விசிறிச் சத்தமும்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அதில் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பிறகுதான் மனம் திரும்பத் திரும்ப அங்கே போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் மூத்த டிரைவர் போன் செய்தார். முப்பது வருடம் டேங்கர் ஓட்டியவர். தன் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்ற அதே பட்டறையில் நின்றிருந்தார், அவ்வளவுதான். அவர் அங்கே இருந்ததற்கு நாங்கள் யாரும் காரணமில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஏம்மா, இந்த டேங்க்குக்குச் சீட்டு நீதான் போட்டியா?"

"ஆமாண்ணே."

"காலின்னு போட்டிருக்கே. எதோட காலி?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "காலிண்ணே. இறக்கியாச்சு. ஒண்ணும் இல்ல உள்ள" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணும் இல்லாம இருக்கிறதுக்கு யாராவது கழுவினாங்களாம்மா?" என்றார். பிறகு, "பையன் மேல நிக்கிறான். வெல்டர் எர்த் கிளாம்ப்பை மாட்டிட்டான். நான் மெஷினை அணைச்சு, வயரைப் பிடுங்கி என் கையில வச்சிருக்கேன். எதோட காலின்னு சொல்லு" என்றார்.

டோலுயீன் என்றேன். போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த இருபது நிமிடம் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அவர் பையனைக் கீழே இறக்கி, பட்டறையில் எரிந்த அடுப்பை அணைக்கச் சொல்லி, ஆட்களை வெளியே போகச் சொல்லி, தன் வண்டியை விட்டுவிட்டு அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போயிருக்கிறார். மாலை அங்கே நானும் போனேன். மேன்ஹோல் மூடியைச் சுற்றி இருக்கும் முடுக்குத் திருகுகளில் இரண்டு கையால் சுழற்றினாலே சுழன்றன. இறக்கியவர்கள் சரியாக முடுக்காமல் விட்டிருக்கிறார்கள். விட்டுப்போன கோணம் அந்த மூடியிலிருந்து ஒரு முழ தூரம்கூட இல்லை. டிப்போக்காரர் வாயு அளக்கும் கருவியை மூடி அருகே காட்டினார். அது தீப்பற்றக் குறைந்தபட்சம் தேவையான அளவை 100 என்று வைத்து எண்ணும் கருவி. எண்கள் 100-ஐத் தொட்டு, அதற்கு மேல் காட்ட இடமில்லாமல் கூவிக்கொண்டே இருந்தது. இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். டேங்க்கின் நான்கு பக்கமும் இருக்க வேண்டிய சிவப்பு நிற டயமண்ட் ஸ்டிக்கர்களில் ஒன்றுகூட இல்லை. இறக்கிய இடத்திலேயே உரித்துவிட்டிருந்தார்கள். காலி வண்டிக்கு எதற்கு அது என்று நினைத்திருப்பார்கள். பட்டறைக்காரருக்கு அது என்ன டேங்க் என்று தெரிந்துகொள்ள என் குரலைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.

ஒன்றேகால் லிட்டர்

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். பள்ளியில் படித்த வேதியியல்தான், ஆனால் கை நடுங்கியபடி போட்ட கணக்கு என்பதால் மறக்கவில்லை. டோலுயீன் ஆவி காற்றில் 1.1 சதவீதம் கலந்தால் எரியக்கூடிய கலவையாகிவிடும். 7.1 சதவீதத்தைத் தாண்டினால் ஆவி அதிகமாகி எரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பொறி போதும். 24,000 லிட்டர் டேங்க்கில் 1.1 சதவீதம் என்றால் 264 லிட்டர் ஆவி. ஒரு லிட்டர் திரவ டோலுயீன் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 230 லிட்டர் ஆவி கிடைக்கும். அதாவது அந்தப் பெரிய உருளை முழுவதையும் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒன்றேகால் லிட்டர் போதும். குழாயைக் கழற்றிய பிறகு அடியிலும் வால்விலும் தேங்கி நிற்பதே பல சமயம் அதைவிட அதிகம். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் காலி.

அடியில் திரவம் தேங்கியிருக்கும்வரை ஆவி ஏறிக்கொண்டே போய் ஓர் அளவில் நிற்கும். டோலுயீனுக்கு அந்த அளவு 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 3 சதவீதம். 30 டிகிரியில் 5 சதவீதத்தை நெருங்கும். இரண்டு எண்ணும் மேலே சொன்ன எல்லைகளுக்கு நட்டநடுவில் வந்து உட்காருகின்றன. லோடு இருந்தபோது இந்தக் கலவை திரவத்துக்கு மேலே விட்டிருந்த சிறு இடைவெளியில் மட்டும்தான் இருந்திருக்கும். காற்றை உள்ளே விட்டு இறக்கினால், இறங்க இறங்க அந்த இடைவெளி வளர்ந்து டேங்க் முழுக்க ஆகிவிடுகிறது. பெட்ரோலில் இது இன்னும் தெளிவு. நிறைந்த பெட்ரோல் தொட்டியின் உள்ளே இருக்கும் ஆவி சாதாரண வெப்பத்தில் எரியக்கூட முடியாத அளவுக்கு அடர்த்தி. இறக்கிவிட்டுக் காற்று நுழையும்போதுதான் அது எரியும் எல்லைக்குள் இறங்கி வருகிறது. நாங்கள் அனுபவசாலியை உட்காரவைத்து அனுப்பிய வண்டியைவிட, புதுப் பையனிடம் கொடுத்த வண்டி ஒரு பொறிக்கு இன்னும் நெருக்கத்தில் இருந்தது.

பெருங்காய டப்பா என்று சொல்கிறோமே. பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பாவை விட்டு வாசனை போகாது என்று வாழ்ந்து கெட்ட குடும்பத்தைக் குறித்துச் சொல்வது. அந்தப் பழமொழியை உண்டாக்கியவர்களுக்குக் காலி என்பது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. காலியான பாத்திரமும் எதன் பாத்திரம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும். மூத்த டிரைவர் கேட்டதும் அதுதான். எதோட காலி? இந்தத் தொழிலின் விதிநூல்களும் அதையேதான் கேட்கின்றன என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடல்வழி அபாயச் சரக்குக்கான சர்வதேச விதித்தொகுப்பு, ஐ.எம்.டி.ஜி. கோடு, 2004 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயம். அதன்படி கழுவாத காலி டேங்க் இன்னும் அதே சரக்குதான். அதே ஐ.நா. எண், அதே பெயர், அதே ஸ்டிக்கர். காகிதத்தில் சரக்கின் பெயரோடு 'எம்ப்டி அன்க்ளீன்ட்' என்றோ, 'ரெசிட்யூ லாஸ்ட் கன்டெய்ன்ட்' என்றோ சேர்த்து எழுத வேண்டும். கழுவவில்லை என்பதையோ, கடைசியாக என்ன இருந்தது என்பதையோ சொல்லாமல் காலி என்று மொட்டையாக எழுத அந்த விதியில் இடமே இல்லை. நான் எழுதியதெல்லாம் மொட்டைக் காலி.

1969 டிசம்பர்

இது எங்கள் மேசையில் மட்டும் நடந்த தவறு என்று முதலில் நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு படிக்கப் படிக்க, மிகப் பெரியவர்களும் இதே சொல்லில் தடுக்கி விழுந்திருப்பது தெரிந்தது. 1969 டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் நடுக்கடலில் வெடித்தன. மார்பெஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் ஏழு. மூன்றுமே எண்ணெயை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவை. காலித் தொட்டிகளை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவும்போது வெடித்தன. மார்பெஸா மூழ்கியே போனது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது எழும் மூடுபனியில் நிலைமின்சாரம் சேர்ந்து, அதிலிருந்து பொறி வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் பிறகு வந்தார்கள். அந்த வெடிப்புகளைத் தொடர்ந்துதான், தொட்டிக்குள் ஆக்ஸிஜன் குறைந்த வாயுவை நிரப்பி வைக்கும் முறை பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமானது. முழு லோடோடு போய் ஒழுங்காகச் சேர்ந்த கப்பல்கள், இறக்கிவிட்டுத் திரும்பும்போது போயின.

அதற்கும் முன்பே அமெரிக்காவில் ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். மொழியியலாளராகப் பெயர் பெற்ற பெஞ்சமின் லீ வோர்ஃப், தொழிலால் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர். நிறைந்த பெட்ரோல் பீப்பாய் இருக்கும் இடத்தில் பயந்து நடப்பவர்கள், காலிப் பீப்பாய் இருக்கும் இடத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள், காரணம் அந்தச் சொல்தான் என்று எழுதினார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். சொல் ஏமாற்றுகிறது, உண்மை. ஆனால் சொல்லுக்குப் பின்னால் கூலி இருக்கிறது. காலி வண்டிக்கு வாடகை கிடையாது அல்லது குறைவு. வருமானம் தராத பயணத்துக்கு நல்ல டிரைவரின் நேரத்தைச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கழுவச் செலவு, கழுவக் காத்திருக்கும் நேரம், ஸ்டிக்கர் இருந்தால் சில சாலைகளிலும் சுரங்கப்பாதைகளிலும் விடமாட்டார்களே என்ற சுற்று, எல்லாம் சேர்ந்து காலி என்ற சொல்லை எல்லாருக்கும் தேவையானதாக ஆக்கிவைத்திருக்கின்றன. வேறு சொல்லை வைத்தாலும் கூலிக் கணக்கு மாறாதவரை அந்தச் சொல்லும் சீக்கிரமே காலியின் பொருளுக்கு வந்துவிடும்.

அந்த ஸ்டிக்கர் விஷயத்தில் என் மனம் ஆறவே இல்லை. கடலில் விழுந்து மூன்று மாதம் உப்புநீரில் கிடந்தாலும் எழுத்தும் எண்ணும் அடையாளம் தெரிய வேண்டும் என்று விதி சொல்கிறது. அவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்ட ஒன்றை, ஒரு மனிதர் நகத்தால் முனையைக் கிளப்பி இழுத்துவிட்டால் பத்து வினாடியில் போய்விடுகிறது. ஒரு வண்டி சாலையோரம் கவிழ்ந்து கிடந்தால் தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்து தேடுவது அந்த எண்ணைத்தான். தண்ணீர் அடிக்கலாமா, நுரையா, எவ்வளவு தூரம் மக்களை நகர்த்துவது, எல்லாவற்றுக்கும் அந்த நான்கு இலக்கம்தான் சாவி. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கழுவிச் சான்றிதழ் வாங்கிய டேங்க்கில் பழைய ஸ்டிக்கரை அப்படியே விட்டுவிடுவது. அதையும் விதி தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். சுத்தமான டேங்க்கெல்லாம் சிவப்பு டயமண்டோடு திரிந்தால் அந்தச் சிவப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

காலியில் இத்தனை காலி

அந்த நாளுக்குப் பிறகு மூத்த டிரைவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் புத்தகத்திலிருந்து கற்றவர் இல்லை. பார்த்ததைச் சொன்னார். சில டேங்க்குகளில் இறக்கும்போது காற்றுக்குப் பதில் நைட்ரஜனை அழுத்தி இறக்குவார்கள். சரக்கு காற்றைத் தொடக்கூடாது என்பதற்காக. அந்தக் காலியில் தீப்பிடிக்காது. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூடியைத் திறந்து தலையை விட்டால் ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அவ்வளவுதான். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறும் உணர்வுகூட வராது. ஆள் மயங்கி உள்ளே விழுவார். இழுக்கப்போகும் இரண்டாவது ஆளும் விழுவார். "உள்ள காத்துகூட இல்லம்மா, அவ்வளவு காலி" என்றார். கந்தக அமிலம் ஏற்றும் சாதாரண எஃகு டேங்கர் வேறொன்று. அடர் அமிலம் அந்த எஃகை அவ்வளவாக அரிக்காது. இறக்கிய பிறகு மிச்சம் இருக்கும் கொஞ்சம், காற்றின் ஈரத்தை இழுத்து நீர்த்துப்போய் எஃகை அரிக்க ஆரம்பிக்கும். அரிக்கும்போது வருவது ஹைட்ரஜன். அமிலம் எரியாதே என்று நம்பி வெல்டிங் வைப்பவர்களுக்கு அது தெரியாது. சாதாரணப் பெட்டிக் கன்டெய்னரிலும் இது உண்டு: பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடோ பாஸ்பீனோ அடித்த பெட்டியை, சரக்கை இறக்கியாகிவிட்டது என்று கதவைச் சாத்தி அனுப்பினால், அடுத்த ஊரில் பெருக்குவதற்காகத் திறக்கும் ஆளின் முகத்தில் அடிக்கும்.

பாதி இறக்கிய டேங்க் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. ஒரே டேங்க்கில் ஓர் ஆலையில் பாதி, இன்னோர் ஆலையில் பாதி இறக்க முடியுமா என்று வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பார்கள். பாதி காலி என்றால் பாதி ஆபத்து என்று எண்ணுவது இயல்பு. குறைகுடம் தளும்பும் என்று சின்ன வயதிலிருந்தே படித்திருக்கிறோம், அது பேச்சாளர்களைப் பற்றியது என்று விட்டுவிட்டோம். 12 டன் திரவம் உருளைக்குள் இப்படியும் அப்படியும் ஓட இடம் கிடைத்தால், பிரேக் போட்ட பிறகு அது முன்னே வந்து அறையும், வளைவில் ஒரு பக்கம் ஏறி வண்டியையே சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகளால் 7,500 லிட்டருக்கு மிகாத பகுதிகளாகப் பிரிக்காத டேங்க், சாதாரணத் திரவத்தோடு 20 சதவீதத்துக்கு மேலும் 80 சதவீதத்துக்குக் கீழுமாக நிரம்பியிருந்தால் அனுப்பக்கூடாது என்பது விதி. விதி எண்ணாகச் சொன்னதை அவர் கையைத் தொட்டிலாட்டுவது போல ஆட்டிக் காட்டினார். "நெறஞ்ச வண்டி உன்னோட வரும். கொறஞ்ச வண்டி உன்னை இழுத்துட்டுப் போகும்" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை

மறுநாள் அலுவலகத்தில் யாரும் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. விபத்து இல்லை, காயம் இல்லை, சேதம் இல்லை. அந்த மாதக் கடைசியில், டிடென்ஷன் ஆகாமல் டேங்க்குகளைத் திருப்பியதற்காக என் மேசையைப் பாராட்டினார்கள். அந்தப் பட்டியலில் இந்த டேங்க்கும் இருந்தது. நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் உள்ளே ஏதோ சுருங்குகிறது. ஸ்பிரிங் பட்டை அன்றைக்கு உடையாமல் இருந்திருந்தால்? வேறு பட்டறைக்குப் போயிருந்தால்? மேலே நின்ற பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

நான் டிரிப் ஷீட்டின் படிவத்தை மாற்றக் கேட்டேன். சரக்குக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'கடைசியாக இருந்தது' என்று ஒரு கட்டம், 'கழுவிய சான்று எண்' என்று ஒரு கட்டம். இரண்டில் எது வெற்றாக இருந்தாலும் வண்டி கிளம்பக்கூடாது. கழுவாத டேங்க்குக்கு லோடு வண்டியின் டிரைவர், லோடு வண்டியின் பேட்டா. படிவம் உடனே கிடைத்தது. பேட்டாவுக்கு ஒன்றரை வருடம் ஆனது. என் மேலாளர் நல்லவர், அவர் சொன்ன எதிர்வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. எல்லாவற்றையும் ஆபத்து என்றால் டிரைவருக்கு எதுவுமே ஆபத்தாகத் தெரியாமல் போய்விடும் என்றார். சமையல் எண்ணெய் ஏற்றிய டேங்க்கும் கழுவாததுதான், அதற்கும் இதே ஆர்ப்பாட்டமா என்று கேட்டார். பல நாள் யோசித்தேன். அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கான பதிலும் அந்தப் பழைய கேள்வியிலேயே இருக்கிறது. எல்லாக் காலிக்கும் பயப்படச் சொல்லவில்லை, எதோட காலி என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். தெரிந்தால் பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படலாம். இதை அவரிடம் சொன்னபோது முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் இல்லை. கட்டம் மட்டும் இருக்கிறது.

மூத்த டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அன்று டேங்க் மேல் நின்ற பையன் இப்போது எங்களிடம் மூத்த டிரைவர்களில் ஒருவர். போன மாதம் இரவு இரண்டு மணிக்குத் துறைமுக கேட்டிலிருந்து போன் செய்தார். "அக்கா, டேங்க்கை ஏத்தியாச்சு. சீட்டுல கடைசியா இருந்ததுன்னு போட்ட கட்டத்துல ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கு. ஸ்டிக்கரும் இல்ல. நான் எடுக்கல" என்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிப்பது கேட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போட்ட சீட்டு அது, தகவல் வராததால் கோடு இழுத்திருக்கிறாள். வண்டியை ஓரமாகப் போடச் சொன்னேன். கப்பல் முகவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டேங்க்கை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் இரவு எண்ணைத் தேடிப் பிடித்து, கன்டெய்னர் எண்ணை இரண்டு தடவை ஒப்பித்து, அவர்கள் வேறு நாட்டிலிருக்கும் டிப்போவைக் கேட்டு, பதில் வர நான்கு மணி ஆகிவிட்டது. கிளிசரின். அபாயச் சரக்கே இல்லை. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன், கட்டத்தில் கையால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டி எழுதும்வரை போனிலேயே இருந்தேன்.

"சரிக்கா," என்றார். "இப்ப எடுக்கிறேன்."